யாருக்குத் தரிசு?

மேடை போட்டால் நிலம் பற்றிப் பேசாமல் நாம் இறங்குவதில்லை. ஆனால் அந்த நிலத்தைப் படமாக்கி, இங்கே நெல், இங்கே முந்திரி, இங்கே சோலார், இந்த இடம் எதற்கும் லாயக்கில்லை என்று பிரிக்கிற வேலை இன்று தாலுகா ஆபீசில் தொடங்குவதில்லை. கம்ப்யூட்டரில் தொடங்குகிறது. சர்வேயர் ஊருக்குள் வந்து சங்கிலி பிடித்தால் நாலு பேர் போய் மறித்து நிற்கலாம். எங்கோ ஓர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தின்மேல் நிறம் தீட்டுகிறவனை எங்கே போய் மறிப்பது? நிலவுரிமை பேசுகிற நாம் இந்தக் கேள்வியையும் பேசியாக வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரியாததைத் திட்டுவது நமக்கு அழகில்லை.

ஒரு தாலுகாவை எடுத்துக்கொள்ளுங்கள். மண் எவ்வளவு ஆழம், களியா, மணலா, உவரா என்று ஒரு படம். சரிவுக்கு ஒரு படம். மழைக்கு ஒன்று, நிலத்தடி நீருக்கு ஒன்று. இப்போது அங்கே இருப்பது வயலா, தோப்பா, புதரா என்று ஒன்று. ரோட்டிலிருந்து தூரம், ஆற்றிலிருந்து தூரம் என்று இன்னும் சில. எல்லாவற்றையும் எண்ணெய்த்தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், எந்த இடம் எல்லாத் தாளிலும் நல்ல நிறமாக இருக்கிறதோ அது நல்ல இடம். அவ்வளவுதான் விசயம். அமெரிக்காவில் இயான் மெக்ஹார்க் இதைத் தாள்களை வைத்தே செய்துகாட்டி 1969-ல் புத்தகம் எழுதினார். கனடாவில் ரோஜர் டாம்லின்சன் 1960களிலேயே இதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். அந்த நாட்டின் நிலத்தை விவசாயம், காடு என்று அதனதன் தகுதிப்படி வகைப்படுத்தத்தான் உலகத்தின் முதல் புவியியல் தகவல் அமைப்பே உண்டானது. ஆக, இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததே நிலத்தைத் தரம் பிரிக்கத்தான். தரம் பிரிக்கிற எதைக் கண்டாலும் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

1976-ல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் நிலத்தை மதிப்பிட ஒரு சட்டகம் போட்டுக் கொடுத்தது. மிகப் பொருத்தம், ஓரளவு பொருத்தம், விளிம்பில் பொருத்தம், இப்போதைக்குப் பொருந்தாது, எப்போதுமே பொருந்தாது என்று ஐந்து வகை. இந்த ஐந்தும் இன்றைக்கு விவசாயக் கல்லூரிப் பையன்களுக்கெல்லாம் மனப்பாடம். அதே ஆவணம் இன்னொன்றும் சொன்னது: நிலத்தை மதிப்பிடுவதென்றால் அந்தந்த இடத்தின் இயற்கை, பொருளாதார, சமூக நிலைமையை வைத்து மதிப்பிட வேண்டும். இயற்கையைப் படம் போட்டார்கள். பொருளாதாரத்தை ரோட்டுத் தூரமாகவும் சந்தைத் தூரமாகவும் மாற்றிப் படம் போட்டார்கள். சமூகம் என்ற சொல் மட்டும் வந்த வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

மண், சரிவு, மழை எல்லாவற்றுக்கும் ஒரே எடையா என்றால், இல்லை. எடை போடுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தாமஸ் சாட்டி என்பவர் 1970களில் உண்டாக்கியது. இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிட வேண்டும். மண்ணா சரிவா, எது முக்கியம், எத்தனை மடங்கு முக்கியம்? ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மார்க். மார்க் போடுகிறவர்கள் வல்லுநர்கள். பத்துப் பதினைந்து பேராசிரியர்களையும் அதிகாரிகளையும் கேட்டு சராசரி எடுத்தால் எடை வந்துவிடும். போட்ட மார்க்குகள் தங்களுக்குள் முரண்படுகின்றனவா என்று ஒரு சோதனையும் உண்டு. முரண் விகிதம் 0.1-க்குள் இருந்தால் பாஸ். கவனியுங்கள் தோழர்களே, வல்லுநர் தனக்குத்தானே முரண்படுகிறாரா என்று மட்டும்தான் அது பார்க்கும். ஊரோடு முரண்படுகிறாரா என்று பார்க்காது. சாதி பார்க்கிறவன் சுத்தபத்தமாக, ஒரே சீராகச் சாதி பார்த்தால் அந்தச் சோதனையில் முதல் வகுப்பில் தேறிவிடுவான்.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு படத்தையும் அடுக்கு என்கிறார்கள். அடுக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வேறு அடுக்கு ஞாபகம் வருகிறது, என்ன செய்ய? மண்ணடுக்கு உண்டு, மழையடுக்கு உண்டு. இந்த நிலம் யார் பேரில் இருக்கிறது, யார் உழுகிறார்கள், யார் இதில் கால் வைத்தால் அடி விழும் என்பதற்கு அடுக்கு கிடையாது. இந்தியக் கிராமத்தின் நிலப்பயன்பாட்டைத் தீர்மானிப்பதில் மழைக்கு அடுத்தபடியாக வேலை செய்வது எதுவோ அதற்கு மாடலில் இடமில்லை. அதை அறிவியல் நடுநிலை என்கிறார்கள்.

தரிசு விசயத்துக்கு வருவோம். வெள்ளைக்காரன் கணக்கில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இரண்டு இருந்தன. இன்றும் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் உயிரோடிருக்கின்றன. வரி வருமா வராதா என்பதுதான் அவன் பார்வை. அங்கே ஆடு மேய்ந்ததா, விறகு பொறுக்கினார்களா, கோரை அறுத்தார்களா, பிணம் புதைத்தார்களா என்பது கணக்கில் வராது. சுதந்திர இந்தியாவின் செயற்கைக்கோள் அந்தக் கணக்குப்பிள்ளையின் கண்ணை வாங்கிக்கொண்டு மேலே போயிற்று. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமும் ஐதராபாத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து 2000-லிருந்து தரிசுநில வரைபடத் தொகுதிகள் வெளியிடுகின்றன. 2019-ல் வந்த தொகுதியின்படி நாட்டில் சுமார் 5.6 கோடி ஹெக்டேர் தரிசு. மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம். அடர் புதர், திறந்த புதர், சீரழிந்த மேய்ச்சல் நிலம், உவர் நிலம் என்று 23 வகை. இதில் புதர் என்று குறிக்கப்பட்ட பாதி இடங்களுக்கு எந்தச் சேரிக்காரரைக் கேட்டாலும் வேறு பெயர் சொல்லுவார். ஆட்டுக்காடு என்பார், சுள்ளிக்காடு என்பார். பொம்பளைகள் சொல்லுகிற பெயரை அச்சில் போட முடியாது. கக்கூஸ் இல்லாத தெருவுக்கு அதுதான் மறைவிடம்.

வெறும் பெயர்ச் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். படத்தில் தரிசு என்று நிறம் விழுந்த மறுநாள் திட்டம் வருகிறது. 2003-ல் திட்டக்குழு உயிரி எரிபொருள் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. காட்டாமணக்கு நட 134 லட்சம் ஹெக்டேர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டது. அதில் 'பயனில்லாத' நிலமும் அடக்கம். தமிழ்நாட்டிலும் காட்டாமணக்குக் கன்று ஓடியது, மானியம் ஓடியது, கம்பெனிகள் ஓடிவந்தன. ஜெனிபர் பாக்கா என்ற ஆய்வாளர் விருதுநகர் மாவட்டம் சாத்தூர்ப் பகுதியில் தங்கி, தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். அங்கே சீமைக்கருவேலம் நின்றது. வெட்டுகிறவர்கள், மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்கள், விறகு ஏற்றுகிறவர்கள் என்று ஒரு முழுப் பொருளாதாரமே அதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரியும் விறகும் செங்கல் சூளைக்கும் ஆலைக்கும் போயின. அவரும் இன்னொருவரும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த நிலத்தில் காட்டாமணக்கு டீசல் எடுத்தால் கிடைப்பதைப் போல இரண்டரை மடங்கிலிருந்து பத்து மடங்கு வரை எரிசக்தியைச் சீமைக்கருவேலம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தது. எரிசக்திக்காகக் கையகப்படுத்தப் பார்த்த நிலம் அதைவிட அதிக எரிசக்தியைச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்ததாம். படம் பார்த்தவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கரிமூட்டத்துக்கு நிறம் ஒதுக்கவில்லை.

சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அது நீரைக் குடிக்கிறது, நிலத்தை வளைக்கிறது, எல்லாம் சரி. அதை வெட்டிப் பிழைக்கிறவனுக்கு வேறு நிலம் கொடுத்துவிட்டு அதைப் பிடுங்குங்கள் என்பதுதான் பேச்சு.

2006-ல் நிலமற்ற விவசாயக் குடும்பங்களுக்கு இரண்டு ஏக்கர் என்று திட்டம் வந்தபோதும் இதே கூத்துதான். தேர்தலில் பேசப்பட்ட தரிசு வேறு, இடத்துக்குப் போய்ப் பார்த்தபோது கொடுக்கக் கிடைத்த தரிசு வேறு. காகிதத்தில் கிடந்த நிலத்தில் ஏற்கெனவே ஊர்ப் பெரியதனக்காரனின் வேலி இருந்தது. ஆதிக்கசாதிக்காரனின் ஆக்கிரமிப்பு செயற்கைக்கோளுக்கு 'சாகுபடி நிலம்' என்று தெரியும். ஏழையின் மேய்ச்சல் நிலம் 'தரிசு' என்று தெரியும். ஆக்கிரமித்தவனுக்கு நல்ல பெயர், பயன்படுத்தியவனுக்குக் கெட்ட பெயர். இதைவிட ஒரு படத்துக்குச் சாதிபுத்தி வேறென்ன வேண்டும்?

அளவு என்று ஒரு விசயம் இருக்கிறது. மாணவர்கள் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். தரிசுநிலத் தொகுதிக்குப் பயன்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் கருவியில் ஒரு படப்புள்ளியின் பக்கம் 23.5 மீட்டர். பெருக்கினால் சுமார் 552 சதுர மீட்டர், நம் கணக்கில் பதின்மூன்றரை சென்ட். இந்தப் பதின்மூன்றரை சென்டுக்குள் என்ன இருந்தாலும் ஒரே நிறம்தான். அந்தப் படங்கள் ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற அளவில் போடப்பட்டவை. தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் ஐம்பது மீட்டர். ஒரு மில்லிமீட்டர்ச் சதுரம் என்பது ஏறக்குறைய 62 சென்ட். இப்போது நம் ஆட்களின் நிலத்தை நினைத்துப் பாருங்கள். இருபது சென்ட், முப்பது சென்ட், அண்ணன் தம்பி பிரித்த பதினைந்து சென்ட். பென்சில் முனையால் வைத்த புள்ளிக்குள் மூன்று குடும்பத்தின் நிலம் அடங்கிவிடும். பெரிய பண்ணை படத்தில் பண்ணையாகத் தெரியும். சிறு துண்டுகள் பக்கத்து நிறத்தோடு கரைந்து போகும். நிலத்தில் சிறுத்துப் போனவர்கள் படத்தில் இல்லாமலே போகிறார்கள். இப்போது பத்து மீட்டர்ப் புள்ளிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு புள்ளிக்கு இரண்டரை சென்ட். அதனால் தொழில்நுட்பம் முடியாது என்ற சாக்கு இனிச் செல்லாது.

நிலத்தடி நீர் அடுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதன் வலி தெரியும். தமிழ்நாட்டில் பிர்கா பிர்காவாக நிலத்தடி நீரை மதிப்பிட்டு, பாதுகாப்பானது, ஓரளவு அபாயம், அபாயம், அளவுக்குமீறி உறிஞ்சப்பட்டது என்று வகை பிரித்திருக்கிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் உறிஞ்சியது யார்? நிலமும் கிணறும் வைத்திருந்தவன் ஆயில் இஞ்சின் வைத்தான், பிறகு மோட்டார் வைத்தான், போர் போட்டான், இலவச மின்சாரம் வந்ததும் இன்னும் ஆழத்துக்குப் போனான். ஐம்பது வருசம் உறிஞ்சித் தென்னையும் கரும்பும் வாழையும் எடுத்தான். நம் ஆளுக்கு நிலம் வந்ததே நேற்று. ஒப்படைப்பு நிலமோ, தாட்கோ மூலம் வாங்கிய நிலமோ, ஏதோ ஒன்றரை ஏக்கர். முதல் கிணறு வெட்டலாம் என்று கடனுக்கு வருகிறார். பிர்கா சிவப்பு என்கிறது படம். சிவப்புப் பிர்காவில் புதுக் கிணற்றுக்குக் கடன் என்றால் மேலிடம் கையை விரிக்கும். பக்கத்து வயலில் மூன்று போர் போட்டவனுக்குக் கேள்வி இல்லை, அவனுடையது பழைய கிணறு. அவன் குடித்துத் தீர்த்த தண்ணீருக்கு இவர் பட்டினி கிடக்க வேண்டும். 'அக்கா, மானாவாரியாவே பண்ணுங்க' என்று நானே ஒரு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். 'மானாவாரிக்கு எதுக்குப்பா ஒங்க கடன், வானம் சும்மாதான பெய்யிது' என்றார்.

மாடலில் இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும். ஒரு பிர்காவில் இருக்கிற நீரில் இதுவரை யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கிணறுகளின் எண்ணிக்கையையும் குதிரைத்திறனையும் பட்டாதாரர் வாரியாக ஓர் அடுக்காகப் போட முடியும். மின் இணைப்புகள் சர்வே எண்ணோடு மின்வாரியக் கணக்கில் இருக்கின்றன. இதுவரை எடுக்காதவனுக்கு முதல் பங்கு, எடுத்தவனுக்குக் குறைப்பு என்று எடை வைக்க முடியும். கணிதத்துக்கு இதில் ஒரு சங்கடமும் கிடையாது. சங்கடப்படுகிறவர்கள் வேறு ஆட்கள்.

தூரம் என்ற அடுக்கையும் பாருங்கள். ரோட்டிலிருந்து எவ்வளவு, நீர்நிலையிலிருந்து எவ்வளவு என்று நேர்க்கோட்டில் அளக்கிறார்கள். கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான மாடல்கள் சரிவு, காடு, ஓடை ஆகியவற்றைத் தடையாகக் கருதி, கடக்கும் சிரமத்தையும் கூட்டிக்கொள்கின்றன. மேடு ஏறினால் இத்தனை, ஓடை தாண்டினால் இத்தனை. ஊர்த்தெரு தாண்டினால் எத்தனை? சாதி இந்துவின் வயல் வரப்பில் அறுத்த கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வருவதற்கு எத்தனை? டிராக்டர் போக வழி விடமாட்டேன் என்று ஒருவன் வேலி போட்டால் ரோட்டிலிருந்து நூறு மீட்டரில் இருக்கிற நிலம் ரோடே இல்லாத நிலம்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே நம் ஆட்களின் நிலங்கள் எத்தனையோ தரிசாகக் கிடக்கின்றன. மேலிருந்து பார்ப்பவன் புல் முளைத்திருப்பதைப் பார்த்து, மண் சரியில்லை என்று எழுதிக்கொள்கிறான். வரைபடத்தில் கிராமம் என்று ஒரு புள்ளி வைக்கிறார்களே, அது எங்கே விழுகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? ஊரில் விழும். சேரியில் விழாது. அந்தப் புள்ளியிலிருந்துதான் எல்லாத் தூரமும் அளக்கப்படுகிறது.

ஏரிப் பாசனத்தில் இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள். மடை திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர் என்று பங்கு வைப்பது, கரையில் கசிவு பார்ப்பது ஆகிய வேலைகளை நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி, மடைக்குடும்பன் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறுகிற ஆட்கள் பார்த்தார்கள். பெரும்பாலும் நம் ஆட்கள். எந்த மடையில் தண்ணீர் ஏறாது, எந்த வயல் மூணாம் பாய்ச்சலில் காயும் என்பது அவர்களின் காலுக்குத் தெரியும். ஆயக்கட்டில் அவர்களுக்கு ஒரு சென்ட் இருக்காது. இப்போது அந்த ஆயக்கட்டுக்கே உயர மாதிரி, நீரோட்ட மாதிரி என்று கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து அவர்கள் கண்டுபிடிப்பதை அந்த மனிதர் ஒரு பீடி குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார். வல்லுநர் பட்டியலில் அவர் பெயர் ஏன் இல்லை? ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் மார்க் போட அவருக்குத் தெரியாதா?

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற அடுக்கு பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-ல் வந்த அரசாணைகளின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ தானம் கொடுக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் சொல்லும் கணக்கு. அரசு ஒப்புக்கொள்வது அதில் ஒரு சிறு பங்கு. கரணையில் அந்த நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். 2011-ல் நீதிபதி மருதமுத்து தலைமையில் குழு போட்டார்கள். இதெல்லாம் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்த கதை.

அந்த நிலத்துக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள உறவைத்தான் நான் சொல்ல வந்தேன். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும் அ-பதிவேட்டிலும் குறிப்புக் கலத்தில் டி.சி. என்று இரண்டெழுத்து இருந்தது. நிபந்தனை அந்த இரண்டெழுத்தில்தான் உயிரோடிருந்தது. 1979-ல் தொடங்கி 80களில் நடந்த யூ.டி.ஆர். பதிவுப் புதுப்பிப்பில், அனுபவத்தில் யார் இருக்கிறானோ அவன் பேருக்குப் பட்டா மாறியது. ஊர் ஊராக அந்த இரண்டெழுத்து காணாமல் போயிற்று. பிறகு கம்ப்யூட்டர்மயம் என்று வந்தபோது, ஏற்றப்பட்டது யூ.டி.ஆர். கணக்கு. அந்தக் கணக்கின்மேல்தான் புலப்படங்கள் இணைக்கப்படுகின்றன. அதன்மேல்தான் பயிர்க்கணக்கு. மத்திய அரசு 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் விவசாயத் திட்டம் அறிவித்திருக்கிறது. விவசாயிகள் பதிவேடு, புவிக்குறியிட்ட கிராமப் படம், பயிர்ப் பதிவேடு ஆகிய மூன்றும் அதன் தூண்கள். விவசாயி என்றால் யார்? பட்டா உள்ளவன். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவன், கோயில் நிலத்தில் நான்காவது தலைமுறையாக நிற்கிறவன், டி.சி. நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நடுகிறவள் ஆகிய எவரும் இந்த மூன்று தூணுக்கு நடுவில் இல்லை. இனிமேல் மானியம், இன்சூரன்ஸ், வெள்ள நிவாரணம், பயிர்க்கடன் எல்லாம் அந்த எண்ணோடு முடிச்சுப் போடப்படும். 1892-ல் எழுதிக் கொடுத்ததைக் காகிதத்தில் பறித்தார்கள். இப்போது அந்தப் பறிப்புக்குக் கோணமும் ரேகையும் குறித்துக் கொடுக்கிறார்கள். படம்தான் புதுசு.

அண்ணல் 1918-ல் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அன்றைக்குப் பெரிய பேச்சு, துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்க வேண்டும் என்பது. அவர் ஒரே கேள்வியில் அதைத் திருப்பினார். நிலத்தின் பரப்பை மட்டும் வைத்து அது லாபகரமானதா இல்லையா என்று எப்படிச் சொல்வாய்? அதில் இறக்கும் மூலதனம் என்ன, உழைப்பு என்ன, அவற்றுக்குள் விகிதம் என்ன என்று பார்க்காமல் பரப்புக்குத் தனியாக அர்த்தம் கிடையாது என்றார். மண்ணுக்கும் அதேதான். ஏரும் மாடும் கடனும் தண்ணீரும் பாதையும் உள்ளவன் கையில் மூன்றாந்தர நிலம் முதல்தரமாகும். இவை எதுவும் இல்லாதவன் கையில் முதல்தர நிலமும் புல் முளைத்துக் கிடக்கும். 1947-ல் அவர் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய திட்டத்தில் விவசாயத்தை அரசுத் தொழிலாக்கி, நிலத்தைப் பண்ணைகளாகப் பிரித்து, சாதி வித்தியாசமில்லாமல் ஊராருக்குக் கூட்டாகக் கொடுக்கச் சொன்னார். அதுவும் நிலப்பயன்பாட்டுத் திட்டம்தான். நிலத்தை நாடளவில் திட்டமிட வேண்டும் என்று நம்மைவிடப் பெரிய ஆசை அவருக்கு இருந்தது. ஆகவே திட்டமிடலையே வேண்டாம் என்று சொல்கிற தோழர்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

அந்தத் தோழர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஜி.ஐ.எஸ். என்பது அதிகாரத்தின் கண், அதில் போய் நாம் என்னத்தப் பார்ப்பது, களத்தில் நிற்போம் என்கிறார்கள். இங்கிலீஷும் இப்படித்தான் அதிகாரத்தின் மொழி, சட்டமும் அதிகாரத்தின் மொழி. அதைப் படித்தவர்தான் நமக்கு வழி காட்டினார். இன்னொரு பக்கம் தொண்டு நிறுவனங்கள். 90களில் சேரிக்கு வந்து கோலமாவும் கலர்ப் பொடியும் கொடுத்து, தெருவில் ஊர்ப்படம் வரையச் சொன்னார்கள். பங்கேற்பு என்று பெயர். அழகாக வரைந்தோம். போட்டோ எடுத்துப் போனார்கள். சாயங்காலம் ஆடு நடந்து படம் அழிந்தது. அந்தப் படத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் சர்வே எண் கிடையாது.

வேறுவிதமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் ஆதிவாசிகள் நிலம் கேட்டபோது, குஜராத்தில் செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் தள்ளுபடி செய்தார்கள். ஆதிவாசிகள் தரப்பு நீதிமன்றம் போனது. செயற்கைக்கோள் படம் மற்ற சாட்சியங்களுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாகாது என்று 2012-ல் விதியே திருத்தப்பட்டது. 2013-ல் குஜராத் உயர்நீதிமன்றம், படத்தை மட்டும் நம்பித் தள்ளிய மனுக்களை மறுபடி பார்க்கச் சொன்னது. பெரியவர்களின் வாய்மொழியும் கல்லும் மரமும் கிணறும் அங்கே சாட்சி. நமக்கு ஏன் அப்படி ஒரு விதி இல்லை? பஞ்சமி நிலத்துக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும் சுடுகாட்டுக்கும் இதே விதி வேண்டும் என்று கேட்பதற்கு என்ன தடை? தரிசு என்று ஒரு நிலத்தைப் படத்தில் குறிக்கும் முன்னால் அந்தக் கிராமசபையில், அதிலும் சேரியில், வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்போம். எடை போடும் மார்க்கை நிலமற்றவர்களும் போட வேண்டும் என்று கேட்போம்.

கேட்பது ஒரு பக்கம். செய்வது இன்னொரு பக்கம். க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசம். ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் போதும். அ-பதிவேடும் புலப்படமும் அரசு இணையதளத்திலேயே சர்வே எண் போட்டால் கிடைக்கின்றன. அதில் கிடைக்காதது பழைய பதிவேடு. யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் சான்றிட்ட நகலை 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இல்லை, சிதைந்துவிட்டது என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள், அதுவும் ஒரு சாட்சி. பழைய சர்வே எண்ணுக்கும் புது எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் எண் பொருந்தாது. பல பேர் அந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். கிடைத்த டி.சி. எண்களைப் புது எண்ணுக்கு மாற்றி, புலப்படத்தை வைத்து நிறம் கொடுத்தால் ஒரு ஊருக்கு ஓர் அடுக்கு தயார். அதன்மேல் இன்றைய பட்டாதாரர் பெயர் ஓர் அடுக்கு. தண்ணீர் பாய்ச்சிய பெரியவரையும் ஆடு மேய்க்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடந்தால் பாதை, மறித்த பாதை, மேய்ச்சல், மூட்டம் என்று இன்னும் நாலு அடுக்கு. அரசாங்கத்தின் மண் படத்தையும் நீர்ப் படத்தையும் தூக்கி எறிய வேண்டாம், அவற்றின்மேல் இவற்றை வையுங்கள். எந்த நிலத்தை மீட்டால் எந்தக் கிணற்றால் எத்தனை குடும்பம் எதைப் பயிரிடலாம் என்று அப்போது நம்மாலும் திட்டம் போட முடியும். நிலம் கொடு என்பதோடு, கொடுத்த நிலத்துக்கு இந்தப் பாதை, இந்தக் கிணறு, இத்தனை கடன் என்றும் கணக்கோடு கேட்கலாம்.

ஒரு ஊருக்கு இரண்டு மாணவர்கள், பதினைந்து நாள் ஆகும் என்று தோன்றுகிறது. புவியியலும் கம்ப்யூட்டரும் படிக்கிற நம் பிள்ளைகள் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் அறைகளில் பழைய பதிவேடுகளின் தாள் பொடிந்துகொண்டிருக்கிறது. வருகிற மே மாத விடுமுறைக்குள் எந்தத் தாலுகாவை யார் எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டத் தோழர்கள் முதலில் கை தூக்கலாம்.